குழல் கட்டையில் உட்கார மாட்டேன் என்கிறது: பிரீச் பக்கம் இடைவெளி, நடுவில் ஆட்டம்

#1 லங்காஸ்டர்வாசி (சனி, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று கேட்டே ஆக வேண்டும்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் கவுண்டியில். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் கொல்லர்கள் நீளத் துப்பாக்கி செய்த பகுதி இது. அவர்கள் தங்கள் நாட்டிலிருந்து கொண்டுவந்த யேகர் துப்பாக்கி குட்டை, தடிமன். இங்கே ஐம்பது அறுபது வருடத்துக்குள் அதே துப்பாக்கி நீண்டு, மெலிந்து, மேப்பிள் மரத்தில் வேறு உருவமாகவே மாறிவிட்டது. லாண்டிஸ் வேலி அருங்காட்சியகத்தில் ஒன்றைப் பார்த்த அன்றே, இதைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

கிட் வாங்கவில்லை. 2½ அங்குலம் தடிமனுள்ள சுருள் மேப்பிள் பலகை. குழல் மட்டும் தேர்ந்த தயாரிப்பாளரிடம் வாங்கியது: எண்பட்டை, 44 அங்குலம், 50 காலிபர். இடை ஒடுங்கிய ரகம். பிரீச்சில் (குழலின் பின்முனை) 1 அங்குலம், 28 அங்குலம் தள்ளி 0.8, முகவாயில் (முன்முனை) மறுபடி விரிந்து 0.85. பின்முனையை அடைக்கும் பிரீச் பிளக்கைக் குழல் செய்தவரே பொருத்திக் கொடுத்துவிட்டார்.

செப்டம்பரில் நடுக்கோடு, பக்கக் கோடுகள் போட்டு, பள்ளத்தைக் குடைந்தேன். இப்போது குழலில் கரி பூசி வைத்து, மரத்தில் எங்கே கறை ஒட்டுகிறது என்று பார்த்துச் சீவிச் சீவி இறக்குகிறேன். பிரச்சினை இரண்டு.

முதலாவது, பிரீச்சிலிருந்து முன்பக்கம் மூன்று அங்குலம் வரை இடது சுவரில் வெளிச்சம் தெரிகிறது. அரை மில்லிக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. இரண்டாவது, முகவாய்ப் பக்கத்தை அழுத்தினால் பிரீச் எழும்புகிறது. பிரீச்சை அழுத்தினால் முகவாய் எழும்புகிறது. ஏற்றப்பலகை மாதிரி.

பிரீச் சுவரைத் தவறுதலாக அரை நூல் பின்னால் வெட்டிவிட்டேன். குழல் அவ்வளவு பின்னால் போனதால்தான் இடைவெளி விழுந்ததா? மரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பலகை எடுக்க வேண்டுமா? இந்தப் பலகையின் சுருள் அவ்வளவு அழகு, மனசு வரவில்லை.

#2 கரிவிளக்கு (ஞாயிறு, காலை 6.15)

தம்பி, பலகையைத் தூக்கிப் போடாதீர்கள். உளியையும் இன்று தொடாதீர்கள். மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

1. பள்ளம் குடைந்தது செப்டம்பர் என்றீர்கள். குழலை இறக்க ஆரம்பித்தது எப்போது? நடுவில் பலகை எங்கே இருந்தது?
2. கரி எது? எவ்வளவு கனமாகப் பூசுகிறீர்கள்?
3. பலகையின் மேல் விளிம்பு இப்போது குழலின் பக்கப் பட்டையில் எவ்வளவு உயரம் வரை வருகிறது?

#3 லங்காஸ்டர்வாசி (ஞாயிறு, காலை 10.02)

நன்றி அண்ணா. செப்டம்பர் கடைசியில் குடைந்தேன். அக்டோபரில் மாமா தவறிவிட்டார், திருச்சிக்குப் போனவன் ஏழு வாரம் கழித்துத்தான் திரும்பினேன். பலகை கீழ்த்தளத்தில் இரண்டு ஆணியின் மேல் சுவரோரமாகக் கிடந்தது. திரும்பி வந்தபோது வீட்டில் ஹீட்டர் ஓட ஆரம்பித்திருந்தது. டிசம்பர் முதல் வாரம் குழலை இறக்கத் தொடங்கினேன்.

கரிக்கு, குழாயில் வரும் பிரஷ்யன் நீலம். பழைய பல் துலக்கும் பிரஷால் நன்றாகவே பூசுகிறேன். பூசியது போதவில்லையென்றால் இடம் தவறிவிடுமோ என்ற பயம்.

மேல் விளிம்பு பக்கப் பட்டையின் உச்சி வரை வருகிறது. கடைசியில் பட்டையின் நடு வரைக்கும்தான் மரம் நிற்க வேண்டும் என்பது தெரியும், அதை இன்னும் இறக்கவில்லை.

#4 கடைசல்காரன் (ஞாயிறு, மதியம் 12.30)

வணக்கம் தம்பி. டொரன்டோவிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடம் லேத்தில் நின்றவன், மரவேலை கொஞ்சம்தான் தெரியும். ஆனால் உங்கள் முதல் சந்தேகத்துக்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது.

பிரீச்சில் 1.000, 28 அங்குலத்தில் 0.800. அப்படியானால் அங்குலத்துக்கு ஏழு தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒடுங்குகிறது. நீங்கள் பின்னால் தள்ளியது அரை நூல், அதாவது பதினாறில் ஒரு அங்குலம். அதனால் வரக்கூடிய தளர்வு மொத்தமாகவே அரை தவ்வுக்கும் குறைவு. அதிலும் பாதி வலப்பக்கம் போய்விடும். ஒரு தலைமுடியின் தடிமனே இரண்டு மூன்று தவ் வரும். உங்களுக்குத் தெரிகிற வெளிச்சமோ பதினைந்து தவ்வுக்கு மேல்.

குழல் பின்னால் போனதில் பிழை இல்லை. அந்த இடது சுவரை யாரோ சீவியிருக்கிறார்கள், அது நீங்கள்தான். எப்போது, ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

#5 கரிவிளக்கு (ஞாயிறு, இரவு 8.50)

கணக்குச் சரி. ஏன் சீவினார் என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் என் இரண்டாவது துப்பாக்கியில் நானும் அதையேதான் செய்தேன்.

குழலைப் பள்ளத்தில் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டுகிறோம். அது இறங்கும்போது பக்கச் சுவரை உரசிக்கொண்டு போகிறது. எடுத்துப் பார்த்தால் சுவர் முழுக்கக் கறுப்பு. அடியில் எங்கோ ஓரிடத்தில் மட்டும், காசு அளவுக்கு ஒரு கறை. கண் எதைப் பார்க்கும்? பெரிய கறுப்பைத்தான். அங்கே சீவுகிறோம். மறுபடி வைத்தால் குழல் இறங்குவதில்லை, ஏனென்றால் அதைத் தாங்கிக்கொண்டிருப்பது அடியில் உள்ள அந்தக் காசு. மறுபடி சுவர் கறுக்கிறது, மறுபடி சீவுகிறோம். நாலு தடவை இப்படிப் போனால் சுவரில் வெளிச்சம் வந்துவிடும், குழல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

உரசின கறையும் தாங்கின கறையும் ஒன்றல்ல. இந்த வேலையில் பழக வேண்டியதே இந்த வித்தியாசத்தைத்தான். உரசின கறை இழுபட்டிருக்கும், மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, மங்கலாக. தாங்கின கறை அழுத்தமாக, பளபளவென்று இருக்கும். அந்த இடத்தில் மரத்தின் நாரே நசுங்கி மின்னும். விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், கறுப்பை விட மினுக்கம்தான் முதலில் தெரியும்.

கரியைக் கனமாகப் பூசினால் இந்த வித்தியாசம் அழிந்துவிடும். குழல் தொடாத இடத்தில்கூடக் கரி போய் ஒட்டும். விரலால் பூசி, துணியால் துடைத்து, "துடைத்தே எடுத்துவிட்டோமோ" என்று தோன்றும்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவுதான் அளவு. பிரஷ்யன் நீலத்தை மேப்பிளில் வைக்காதீர்கள். வெளுப்பு மரம், நாருக்குள் இறங்கிவிட்டால் விளிம்பில் நீலம் கடைசி வரை தெரியும். விளக்குக் கரி போதும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். செப்டம்பரில் குடைந்த பலகை, ஏழு வாரம் ஹீட்டர் ஓடிய அறையில் சும்மா கிடந்திருக்கிறது. பலகையின் மேல்பக்கத்தில் நீளத்துக்கும் ஒரு பள்ளம் எடுத்தால் உள்ளே இருந்த இறுக்கம் அவிழும். அதோடு காற்றும் காய்ந்தால் மரம் தன் இஷ்டத்துக்கு வளையும். சுருள் மரம் இன்னும் மோசம், நார் நேராக ஓடுவதில்லையே. உங்கள் பலகை நடுவில் தூக்கியிருக்கும் என்பது என் ஊகம். எஃகு நேர்விளிம்பு ஒன்றைப் பள்ளத்தின் அடியில் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள்.

அது இல்லையென்றால் இன்னொரு வழி. கடை ரசீதுத் தாளை விரல் அகலத்துக்குக் கீற்றுகளாக வெட்டி, மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகப் பள்ளத்தில் குறுக்கே போடுங்கள். மேலே குழலை வையுங்கள், தட்ட வேண்டாம், அதன் எடையே போதும். ஒவ்வொன்றாக இழுங்கள். எது வர மறுக்கிறதோ அங்கேதான் குழல் உட்கார்ந்திருக்கிறது. கரியை விட இந்தத் தாளை நான் அதிகம் நம்புகிறேன்.

எந்தக் காரணம் கொண்டும் கிளாம்ப் போட்டு இறுக்கி "உட்கார்ந்துவிட்டது" என்று முடிவு செய்யாதீர்கள். இப்போது பலகை 2½ அங்குலத் தடிமன், அதனால் தாங்குகிறது. செதுக்கி முடித்தபின் முன்கட்டையின் சுவர் ஒரு நூல்கூட இருக்காது. அப்போது குழல் நேராகத்தான் நிற்கும், கட்டைதான் வளையும். ஈரமான நாளில் ஒரு மாதிரி, காய்ந்த நாளில் ஒரு மாதிரி குழலை இழுத்துக்கொண்டே இருக்கும்.

#6 தச்சுப்பட்டறை (திங்கள், காலை 7.20)

கரிவிளக்கு ஐயாவுக்கு வணக்கம். நான் கும்பகோணம் பக்கம், நாற்காலி, கதவு, நிலை செய்கிற குடும்பம். துப்பாக்கி வேலை தெரியாது, ஆனால் நீங்கள் சொன்ன காசு விஷயம் கதவு நிலையில் கழுந்து இறக்கும்போதும் அப்படியே நடக்கும். எங்கள் அப்பா சுண்ணாம்புக்கட்டி தேய்த்துப் பார்ப்பார். "தேய்ச்ச இடத்தைப் பாக்காதடா, நசுங்குன இடத்தைப் பாரு" என்பார்.

விளக்குக் கரிக்கு ஒரு யோசனை. வீட்டில் கண்மை செய்வது போலவே செய்யலாம். அகல்விளக்கில் நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் வழித்தெடுக்கிற அளவு கரி படியும். கண்மைக்கு விளக்கெண்ணெய் குழைப்பார்கள். நீங்கள் துளி மட்டும் குழையுங்கள், எண்ணெய் அதிகமானால் மரத்தில் ஊறிவிடும், பிறகு பசை பிடிக்காது.

ஒரு கேள்வி. இந்த மாதிரி குழலின் வாய்வழி வெடிமருந்து இடிக்கிற துப்பாக்கியை இங்கே ஒருவர் ஆசைக்குச் செய்து வீட்டில் மாட்டி வைக்கலாமா?

#7 கரிவிளக்கு (திங்கள், காலை 8.05)

கண்மை யோசனை அருமை. என் பாட்டி செய்ததைப் பார்த்திருக்கிறேன், இத்தனை வருடத்தில் இங்கே எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதே குற்றம். சுடுவதற்கா, சுவரில் மாட்டுவதற்கா என்பது பேச்சே இல்லை. தண்டனையும் கடுமை. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வகைப் பழைய முறைத் துப்பாக்கிகளைத் தனியாக வைத்துப் பார்க்கிறது, அதனால்தான் நாங்கள் வீட்டில் செய்ய முடிகிறது. இங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் இந்த இழையை மரவேலைப் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இருப்பவர்களுக்கும் ஒன்று: கட்டையை எவ்வளவு வேண்டுமானாலும் கையால் செய்யுங்கள், குழலையும் பிரீச் பிளக்கையும் தெரிந்தவரிடம் வாங்குங்கள். கண்ட குழாயை எடுத்துக் குழலாக்கும் பேச்சு இந்த இழையில் வேண்டாம். முகத்துக்கு ஒரு சாண் தள்ளி வெடிக்கிற சமாச்சாரம்.

#8 கடைசல்காரன் (திங்கள், மாலை 6.40)

இன்னொரு வழியையும் சொல்லி வைக்கிறேன், கரிவிளக்கு அண்ணைக்குப் பிடிக்காமல் போகலாம். பள்ளத்தின் அடியை நாலைந்து தவ் கூடுதலாகச் சுரண்டிவிட்டு, குழலுக்கு மெழுகு பூசி, எபாக்சிப் பசையில் உட்கார வைத்தால் நூறு வீதம் தொடுகை கிடைக்கும். இன்றைய ரைபிள்கள் பலவற்றில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆட்டமும் போகும், இடைவெளியும் போகும், ஒரு நாள் வேலை.

#9 கரிவிளக்கு (திங்கள், இரவு 9.15)

பிடிக்கவில்லை என்பது உண்மைதான். அதற்குக் காரணமும் இருக்கிறது.

பலகை வளைந்திருந்தால் எபாக்சி அந்த வளைவை அப்படியே அச்சு எடுத்து நிறுத்திவிடும். அடுத்த கோடையில் மரம் திரும்ப நிமிரும்போது எபாக்சி நிமிராது.

இன்னொன்று, நூறு வீதத் தொடுகை யாருக்கு வேண்டும்? பழைய லங்காஸ்டர் துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளியே தெரியும் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். உள்ளே பார்த்தால் பல துப்பாக்கிகளில் பள்ளத்தின் அடி எண்பட்டையே இல்லை, வளைவுளியால் உருட்டி எடுத்திருப்பார்கள், உளி போன தடம் அப்படியே நிற்கும். அவர்கள் அவசரக்காரர்களோ கைத்திறன் இல்லாதவர்களோ அல்ல. எங்கே ஒட்ட வேண்டும், எங்கே ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் ஒன்று என்று தெரிந்தவர்கள்.

என் கணக்கில் உண்மையாக ஒட்ட வேண்டிய இடங்கள்: பிரீச்சின் பின்முகம் முழுவதும், ஏனென்றால் உதை அங்கேதான் மரத்தில் இறங்குகிறது. பிரீச்சுக்கு முன்னால் ஆறேழு அங்குலம் அடிப்பட்டையும் இரண்டு சாய்பட்டைகளும். முன்கட்டையின் கடைசி சில அங்குலம். அப்புறம் நீளத்துக்கும் இரண்டு பக்க மேல் விளிம்பு, அது கண்ணுக்காக. நடுவில் உள்ள இரண்டடியும் குழலைத் தூக்காமல் இருந்தால் போதும்.

தம்பி, பிரீச் பிளக்கிலிருந்து பின்னால் நீளும் வால் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இதில் தவறினால் கட்டை போய்விடும். வாலின் பின்நுனி மரத்தை முட்டக் கூடாது. ஒரு தாள் நுழைகிற அளவு இடம் விடுங்கள். பிரீச் முகம் முட்டாமல் வால் நுனி மட்டும் முட்டினால், ஒவ்வொரு வெடிக்கும் அது ஆப்பு மாதிரி கட்டையின் மணிக்கட்டுப் பகுதியை, அதாவது கை பிடிக்கும் இடத்தை, பிளக்கும். துப்பாக்கியிலேயே மெலிந்த இடம் அதுதான். வாலை மட்டும் மிக அழகாக, முடி நுழையாமல் பதித்துவிட்டுப் பிரீச் முகத்தை மறந்த கட்டைகள் இரண்டு என்னிடம் பழுதுபார்க்க வந்திருக்கின்றன. இரண்டிலும் விரிசல் ஒரே இடத்தில்.

#10 கடைசல்காரன் (திங்கள், இரவு 10.00)

அண்ணை சொல்வது விளங்குகிறது. பிரீச் முகம் பற்றி எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வளைந்த பலகைக்கு எபாக்சி கூடாது என்பதையும் ஏற்கிறேன். நிலைத்துப்போன, பழுத்த பலகையில் அது பிழை என்று இன்னும் நான் நினைக்கவில்லை.

#11 அருங்காட்சிப்பிரியை (செவ்வாய், மாலை 4.30)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குழலைக் கட்டையோடு எப்படி இணைக்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் எவ்வளவு மாறுகிறது என்று எண்ணிக்கொண்டே படித்தேன். எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. அங்கே போகும்போதெல்லாம் பழைய ஆயுதங்கள் மேல் ஆர்வம் கூடி, இந்தியத் திரித் துப்பாக்கிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பலவற்றில் குழலைத் தோல்வாரோ கம்பியோ சுற்றிக் கட்டையோடு கட்டியிருப்பார்கள். ஊசியும் இல்லை, ஆப்பும் இல்லை. அந்த முறையில் மரம் காய்ந்தாலும் ஈரம் குடித்தாலும் கட்டு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்று நினைக்கிறேன். லங்காஸ்டர் துப்பாக்கியில் ஊசி அடித்து நிறுத்திவிட்டால் மரம் எப்படி நகரும்?

#12 கரிவிளக்கு (செவ்வாய், இரவு 7.45)

நல்ல கேள்வி, அம்மா. குழலுக்கு அடியில் சின்னச் சின்னக் காதுகள் பதித்திருக்கும். மரத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம், அந்தக் காது வழியாக, பதினாறில் ஒரு அங்குலத் தடிமனில் ஊசி போகும். காதில் போடும் துளையை வட்டமாக விடாமல் குழலின் நீளவாக்கில் நீட்டிவிட வேண்டும். அப்போது மரம் நீண்டாலும் சுருங்கினாலும் ஊசி அந்த நீள்துளைக்குள் நகரும். மரம் நீளவாக்கில் நகர்வது மிகக் குறைவுதான், பச்சையிலிருந்து முழுக்கக் காய்வதற்குள்ளேயே 0.1 முதல் 0.2 சதவீதம். ஆனால் 40 அங்குலத்துக்கு மேல் போகும் கட்டையில், அதுவும் நார் அலை அலையாக ஓடும் சுருள் மேப்பிளில், அந்தக் கொஞ்சமே வட்டத் துளையில் மாட்டினால் ஊசியை வளைக்கும், அல்லது ஊசியைச் சுற்றிச் சில்லு பெயர்க்கும். பிரீச்சுக்குப் பக்கத்துக் காதில் சின்ன நீளம் போதும். முகவாய்ப் பக்கம் போகப் போக நீளத்தைக் கூட்டுங்கள், ஏனென்றால் பிரீச் நிலையாக நிற்கிறது, நகர்வு எல்லாம் முன்னால் போய்ச் சேரும்.

#13 லங்காஸ்டர்வாசி (அடுத்த ஞாயிறு, மாலை 5.20)

ஒரு வாரம் எழுதவில்லை. சொன்னதையெல்லாம் செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அண்ணா ஊகித்ததேதான். நேர்விளிம்பை வைத்தேன், நடுவில் தொடுகிறது, இரண்டு முனையிலும் வெளிச்சம். ஏறக்குறைய ஒரு மில்லி. ரசீதுத் தாளும் அதையே சொன்னது: பிரீச்சிலிருந்து 14, 17, 20ஆவது அங்குலத்தில் போட்ட மூன்று கீற்றும் வரவில்லை, மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன.

பலகையை இன்னும் நாலு நாள் அப்படியே, அடியில் நாலு இடத்தில் சமமாகத் தாங்கு கொடுத்து வைத்துவிட்டுத் திரும்ப அளந்தேன். மாறவில்லை, அதனால் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். உளியை வைக்கவில்லை. சுருள் மரத்தில் எந்தப் பக்கம் உளி போனாலும் பாதி அலையில் நார் எதிராக வருகிறது, பெயர்ந்துவிடுகிறது. எண்பட்டையின் மூன்று அடிப்பட்டைக்கு ஏற்ற வடிவில் பழைய ரம்பத் தகட்டை வெட்டி, விளிம்பு திருப்பி, சுரண்டி செய்துகொண்டேன். சுரண்டியில் வந்தது தூள் இல்லை, வெங்காயத் தோல் மாதிரி சுருள். மூன்று மாலை ஆனது.

கண்மை முறையில் கரி செய்தேன். என் மகள் பித்தளைத் தட்டைப் பிடித்துக்கொண்டு முழு நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கொஞ்சம் எடுத்து வைத்தோம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், யாரும் எனக்குச் சொல்லாதது. குழல் சரியாக உட்காராதபோது கொட்டாப்புளியால் தட்டினால் 'டங்' என்று மணி மாதிரி இழுக்கும். நேற்று இரவு, கடைசிச் சுரண்டலுக்குப் பிறகு தட்டினேன், 'டப்' என்று ஒரே சத்தம், இழுக்கவில்லை. மறுபடி தட்டினேன், அதே 'டப்'. முகவாயை அழுத்தினேன், பிரீச் அசையவில்லை. கிளாம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. குழலைத் திரும்பத் தூக்கி எடுக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தச் சுவரில் நாலு தடவை அல்ல, ஆறு தடவையாவது சீவியிருப்பேன்.

#14 கரிவிளக்கு (ஞாயிறு, இரவு 8.30)

அந்த 'டப்' சத்தத்தை எழுதினீர்களே, அதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

இடைவெளிக்கு வருவோம். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இருக்கிறதா? அந்த இடைவெளியில் மெல்லிய தகடு எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். நாம் சுவரைச் சீவும்போது உளி எப்போதும் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும்தான் எடுக்கும். சுவர் மேல்பக்கம் வெளியே சாய்ந்திருக்கும். உங்கள் மேல் விளிம்பு இன்னும் பக்கப் பட்டையின் உச்சியில் நிற்கிறது. அதைப் பட்டையின் நடு வரை இறக்க வேண்டும், 1 அங்குல எண்பட்டையில் அது ஐந்து மில்லிக்கும் சற்று மேல். நீங்கள் பார்த்துக் கவலைப்படும் இடைவெளியில் பெரும்பகுதி இருக்கிற மரமே நாளை தரையில் சீவலாகக் கிடக்கப் போகிறது.

இறக்கிய பிறகும் மிஞ்சினால், அதே பலகையிலிருந்து, சுருள் அதே சாய்வில் ஓடும் துண்டிலிருந்து ஒரு சீவல் எடுத்து, மெல்லிய ஆப்பாக இழைத்து, தோல் பசையில் ஒட்டுங்கள். குழலுக்கு மெழுகு பூசி அதையே அழுத்தும் பலகையாக வைத்துக்கொள்ளலாம். ஒட்டுவதற்கு முன் அந்தச் சுவரில் கரியும் எண்ணெயும் இருந்தால் சாராயத்தால் துடைத்துவிடுங்கள். பழைய துப்பாக்கிகளிலும் இப்படிச் செருகிய சீவல்கள் உண்டு. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

#15 தச்சுப்பட்டறை (திங்கள், காலை 6.50)

ஆப்பின் நார் சுவரின் நார் போகும் பக்கமே போக வேண்டும். குறுக்கே வைத்தால் வார்னிஷ் பூசியதும் பட்டை போட்டது போலத் தெரியும். ஒட்டியபின் விளிம்பைச் சுத்தமாக்க அரம் வேண்டாம், கூர்மையான பட்டை உளியை மல்லாக்கப் படுக்க வைத்து இழுங்கள்.

#16 லங்காஸ்டர்வாசி (சனி, மதியம் 2.10)

மேல் விளிம்பை இறக்கிவிட்டேன். ஃபீலர் தகடு முன்பு பெரும்பாலான இடத்தில் நாலு மில்லி ஆழம் போனது. இப்போது மூன்று அங்குல இடைவெளியில் ஒன்றரை அங்குல நீளம்தான் மிச்சம், அதிலும் மூன்று தவ் தகடு மட்டும் நுழைகிறது, நாலு தவ் நுழையவில்லை. பிரீச்சை ஒட்டிய அந்த ஒன்றரை அங்குலத்தில் சீவல் ஒட்டினேன். நார் பக்கம் தச்சுப்பட்டறை அண்ணன் சொன்னபடியே. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எனக்குத் தெரிகிறது. என் மனைவியிடம் காட்டி எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னேன், வலது பக்கத்தைக் காட்டினாள்.

பிரீச் முகத்தைப் பிளக்கோடு சேர்த்துக் கரி ஒற்றிப் பார்த்தேன். முகம் முழுக்க ஒரே மாதிரிக் கறை. வாலைப் பதித்துவிட்டு, பின்நுனியில் ரசீதுத் தாளை மடிக்காமல் விட்டுப் பார்த்தேன், தடையில்லாமல் போய் வருகிறது.

அடுத்தது ராம்ராடுக்கு (மருந்து இடிக்கும் கோல்) நீளத் துளை போட வேண்டும். பள்ளத்தின் அடிக்கும் அந்தத் துளைக்கும் நடுவில் ஒரு நூல் மரம் விட வேண்டும் என்று படித்தேன். ஆனால் நடுவில் வளைவுக்காக ஒரு மில்லி சுரண்டிவிட்டேனே, இப்போது எங்கிருந்து அளப்பது?

#17 கரிவிளக்கு (சனி, மாலை 6.00)

பள்ளத்தின் அடியிலிருந்துதான், அதுவும் பிரீச் பக்கம் இப்போது இருக்கும் அடியிலிருந்து. பழைய கோட்டை மறந்துவிடுங்கள். லாக்கின் (தீப்பொறி தரும் விசையமைப்பு) முன் திருகு, பள்ளத்துக்கும் ராம்ராட் துளைக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு நூல் மரத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஒரு மில்லி குறைந்தால் திருகு ராம்ராடில் உரசும். அதிகமாக விட்டால் துப்பாக்கியின் வயிறு தடித்து, லங்காஸ்டர் உருவமே போய்விடும்.

துளை போடுவதற்கு முன், குழலைப் பள்ளத்தில் வைத்து, பலகையின் வெளிப்பக்கத்தில் குழலின் அடியை ஒரு கோடாக எடுத்து வரையுங்கள். துரப்பணத்தின் தண்டு அந்தக் கோட்டுக்கு இணையாகப் போகிறதா என்று பத்து அங்குலத்துக்கு ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். நீளத் தண்டு சுருள் மரத்தில் நார் போன பக்கம் ஓடப் பார்க்கும். வரைந்ததும் படம் போடுங்கள், துளையை ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

#18 லங்காஸ்டர்வாசி (சனி, இரவு 9.05)

சரி அண்ணா. நாளைக் காலை வரைந்துவிட்டுப் படம் போடுகிறேன்.